சென்னை மார்கழி இசைவிழா

சென்னையில் ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தை ஒட்டி நடைபெறும் கர்நாடக இசை, நாட்டிய நிகழ்ச்சிகளின் பெருந்தொகுப்பு. பத்திரிகைகள் ‘இசைவிழா’ என்று எழுதினாலும் வித்வான்களுக்கும் ரசிகர்களுக்கும் இது ‘சீசன்’தான். இதை நடத்துவதற்கென்று ஒரு தலைமை அமைப்போ அரசுத் துறையோ கிடையாது. மயிலாப்பூர், ராயப்பேட்டை, தியாகராய நகர், திருவல்லிக்கேணி, பாரிமுனை என்று நகரெங்கும் பரவியிருக்கும் சபாக்கள் தத்தம் விழாவைத் தத்தம் செலவில் ஒரே சமயத்தில் நடத்துகின்றன. நவம்பர் பாதியில் தொடங்கிப் பொங்கல் வரை நீளும் இந்த நாட்களில் நடக்கும் கச்சேரிகள் ஆயிரத்தைத் தாண்டும். 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் சென்னையை இசைக்கான நகரமாகச் சேர்த்தது.

மார்கழி, திருப்பாவை, விடியற்காலைப் பஜனை என்ற சூழலில் நடப்பதால் விழாவுக்குப் புராதனமான ஒரு தோற்றம் வந்துவிட்டது. மயிலை மாட வீதிகளில் பாபநாசம் சிவன் நடத்திய மார்கழி பஜனை போன்றவை அந்தத் தோற்றத்தை இன்னும் அழுத்தமாக்கின. உண்மையில் சீசன் இருபதாம் நூற்றாண்டில் பிறந்தது. அதைப் பெற்றெடுத்தது ஓர் அரசியல் மாநாடு.

1927 டிசம்பரில் டாக்டர் அன்சாரி தலைமையில் இந்திய தேசிய காங்கிரஸின் மாநாடு சென்னையில் கூடியது. அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் ஏற்பாடாயிற்று. இசைக்கென்று நிலையான ஓர் அமைப்பு வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி, எஸ்பிளனேடில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. அரங்கில், சர் சி.பி. ராமசாமி ஐயர் மியூசிக் அகாதெமியைத் தொடங்கிவைத்தார். முதல் தலைவர் யு. ராமராவ் ஒரு மருத்துவர். செயலாளர்களில் முக்கியமானவரான இ. கிருஷ்ண ஐயர் வழக்கறிஞர். 1935 முதல் முப்பது ஆண்டுகள் தலைவராக இருந்த கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயரும் வழக்கறிஞரே. 1944இல் அகாதெமியின் மாநாட்டுக்குத் தலைமை வகித்த டி.எல். வெங்கடராம ஐயரோ தீட்சிதர் கீர்த்தனைகளில் கரைகண்டவர், பின்னாளில் நீதிபதியானவர்.

டிசம்பர் கடைசி விழாக்காலமாக நிலைத்ததற்கும் இந்த ஆட்களுக்கும் தொடர்பு உண்டு. கிறிஸ்துமஸை ஒட்டி நீதிமன்றங்களுக்கு விடுமுறை, கல்லூரிகளுக்கும் விடுமுறை. மார்கழியில் கல்யாணம் இல்லாததால், கல்யாணக் கச்சேரிகளை நம்பியிருந்த வித்வான்கள் கையில் தேதி இருந்தது. கடும் வெயிலும் இல்லை. பக்தி பிறகு வந்து சேர்ந்துகொண்டது என்று சொன்னால் மயிலாப்பூரில் சிலர் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் நாட்காட்டியைத் தீர்மானித்ததில் உயர் நீதிமன்றத்தின் பங்கைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

சபாக்கள் அதற்கு முன்பே இருந்தன. 1883இல் சென்னையில் காயன் சமாஜம் கிளைவிட்டது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900இல் தொடங்கியது. அரசவையும் மிராசுதார் வீடுமாக இருந்த இசையைச் சந்தா கட்டிக் கேட்கும் நகர மனிதர்களிடம் கொண்டுவந்தவை இவை. அகாதெமி அந்த ஏற்பாட்டோடு ஒரு வாதமேடையையும் சேர்த்தது. காலை வேளைகளில் வித்வான்களும் ஆய்வாளர்களும் கூடி, இன்ன ராகத்தில் இன்ன ஸ்வரம் வருமா வராதா என்று வாதாடி, முடிவுகளை அகாதெமியின் ஆய்விதழில் அச்சிட்டார்கள். ‘லெக்-டெம்’ என்று சுருங்கிவிட்ட இன்றைய காலை நிகழ்ச்சிகளின் மூதாதை இதுதான்.

நாட்டியம் மேடையேறியது எளிதாக நடக்கவில்லை. 1931 மார்ச் 15ஆம் தேதி, தேவதாசி மரபில் வந்த ராஜலட்சுமி, ஜீவரத்தினம் என்ற ‘கல்யாணி சகோதரி’களின் சதிரை அகாதெமி ஏற்பாடு செய்தது. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கும், தானே பெண் வேடமிட்டு ஆடிக் கலையைக் காக்க நின்ற கிருஷ்ண ஐயருக்கும் 1932இல் பத்திரிகைகளில் கடுமையான விவாதம் நடந்தது. கலை தப்பியது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களின் பெண்கள் மெல்ல மெல்ல மேடையிலிருந்து அகன்றார்கள். விதிவிலக்காகப் பெருமையோடு நின்றவர் பாலசரஸ்வதி. 1973இல் அவருக்கு அகாதெமி அளித்த சங்கீத கலாநிதி விருதை வேறு எந்த நாட்டியக் கலைஞரும் பெற்றதில்லை.

அந்த விருதின் கதை சீசனுக்குள் இருக்கும் படிநிலைகளின் கதையும்கூட. மாநாட்டுக்குத் தலைமை தாங்குபவருக்குச் சங்கீத கலாநிதி என்ற பட்டம் 1942இல் ஏற்பட்டது; முந்தைய தலைவர்களுக்கும் சேர்த்து வழங்கினார்கள். ஒரு மிருதங்க வித்வானுக்கு அது கிடைக்க 1966 வரை, பாலக்காடு மணி ஐயர் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்களில் முதலாவதாக எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1968இல் கிடைத்தது, 1970இல் டி.கே. பட்டம்மாள், 1977இல் எம்.எல். வசந்தகுமாரி. நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை, பாடகர் எம்.டி. ராமநாதன் ஆகியோர் பெயர்கள் பட்டியலில் இல்லை. எந்த ஆண்டு யாருக்கு என்பதை விட, யாருக்கு இல்லை என்பதே சபா கேன்டீனில் அதிகம் பேசப்படுகிறது.

மொழிச் சண்டையும் சீசனைப் பிளந்தது. மேடைகளில் தெலுங்கும் வடமொழியுமே கோலோச்ச, தமிழ்ப் பாட்டு கடைசித் துக்கடாவாக ஒதுங்கியதை எதிர்த்து ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசை இயக்கத்தைத் தொடங்கினார். எழுத்தாளர் கல்கி பேனாவால் ஆதரித்தார். 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. அதே டிசம்பரில் போட்டி விழாவும் பிறந்தது. 1952 முதல் பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம் அதன் இருப்பிடம்; 1957 முதல் அது வழங்கும் இசைப்பேரறிஞர் பட்டமும் வித்வான்களிடையே மதிப்புடையது. அகாதெமிக்குச் சொந்தக் கட்டடம் வர இன்னும் பத்தாண்டு ஆயிற்று. பந்தல்களிலும் பள்ளி வளாகங்களிலும் நடந்த விழாவுக்கு 1955இல் நேரு அடிக்கல் நாட்டிய அரங்கம் 1962 டிசம்பரில் திறந்தது. அதற்குள் கிருஷ்ண கான சபா (1953), நாரத கான சபா (1958) ஆகியவையும் களத்தில் இருந்தன.

கச்சேரியின் உருவமே இந்த மேடைகளுக்காக மாறியது. நள்ளிரவு தாண்டியும் பாடிய காலம் போய், பேருந்தைப் பிடித்து வீடு திரும்பும் ரசிகருக்கு ஏற்ப நிகழ்ச்சி அமைய வேண்டியிருந்தது. வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், நடுவில் விரிவான ஒரு ராகம், தனி ஆவர்த்தனம், ராகம் தானம் பல்லவி, முடிவில் துக்கடாக்கள் என்ற வரிசையை நிலைநிறுத்திய பெருமை அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சேரும். ஒலிபெருக்கி வந்ததும் உச்சக் கட்டையில் கத்திப் பாட வேண்டிய அவசியம் குறைந்தது. கூடவே புதிய ஒரு பிரச்சினையும் வந்தது: மைக் இல்லாமல் கச்சேரி செய்ய வேண்டும் என்று பாலக்காடு மணி ஐயரே வாதாடும் அளவுக்கு ஒலி அமைப்புகள் படுத்தின. இன்றும் கச்சேரியின் முதல் பதினைந்து நிமிடம் வித்வானுக்கும் மைக்காரருக்கும் நடக்கும் சைகைப் பேச்சில்தான் போகிறது. வயலின் வித்வான் மானிட்டரைக் காட்டி விரலை மேலே தூக்குவார்; மிருதங்கக்காரரும் தூக்குவார்; ஒவ்வொருவருக்கும் ஏற்றிக் கடைசியில் கூடமே அதிரும்.

சீசனின் மெய்யான அரசியல் கால அட்டவணையில் இருக்கிறது. யாருக்கு எந்த ‘ஸ்லாட்’ என்பதைச் சபாக்களின் குழுக்கள் பல மாதம் முன்பே தீர்மானிக்கின்றன. நண்பகலும் பிற்பகலும் இளையவர்களுக்கு, நான்கு மணி ‘சப்-சீனியர்’களுக்கு, ஆறரை, ஏழு மணி நட்சத்திரங்களுக்கு. இரண்டு மணிக் கச்சேரியிலிருந்து நான்கு மணிக்கு நகர ஒருவருக்குப் பத்தாண்டும் ஆகலாம். மாலைக் கச்சேரிக்கு இரண்டரை மணி நேரம் கிடைக்கும் இடத்தில் இளையவருக்கு ஒன்றரை மணி நேரம். அதற்குள் எல்லாம் தெரியும் என்று காட்டியாக வேண்டும். பெரும்பாலான பிற்பகல் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம். எதிரே அமர்ந்திருப்பவர்களில் பாடகரின் உறவினர், குருவின் மற்ற சீடர்கள், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் ஆகியோரைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் இருப்பவர் சிலரே. ஆனால் அந்தச் சிலரில் ஒருவர் அடுத்த ஆண்டு அட்டவணை போடும் குழுவில் இருக்கக்கூடும். அதனால்தான் இரண்டு மணிப் பாடகி ஏழு மணிக்குப் பாடுவது போலவே பட்டுப்புடவை கட்டி வருகிறார்.

பணம் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. நட்சத்திரங்களின் கச்சேரிக்கு விளம்பரதாரரும் சீட்டு விற்பனையும் உண்டு. விழா மலரில் நகைக்கடை, பட்டுக்கடை, வங்கி விளம்பரங்கள் நிறையும். தொடக்க நிலைக் கலைஞருக்குத் தரப்படும் கவரில் இருப்பது ஆட்டோ செலவுக்கும் காணாது; பக்கவாத்தியக்காரர்களுக்குத் தன் கையிலிருந்து கொடுத்துச் சமாளிப்பவர் பலர். வாய்ப்புக்காகக் கலைஞரிடமே ‘நன்கொடை’ கேட்கும் சபாக்கள் பற்றிய புகாரும் பழையது. ஆனாலும் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த பிள்ளைகள் டிசம்பரில் விமானம் ஏறி வருகிறார்கள். 1978இல் தொடங்கிய கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை போன்ற விழாக்கள் உருவாக்கிய தலைமுறை அது. ‘சென்னையில் சீசனில் பாடியவர்’ என்ற ஒரு வரி அவர்களுக்கு வேண்டும்.

இளையவர்கள் இந்த ஏற்பாட்டை வாய்மூடி ஏற்றார்கள் என்றும் சொல்ல முடியாது. 1985இல் விஜய் சிவா உள்ளிட்ட இளம் இசைஞர்கள் தங்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்துக் கச்சேரிகள் நடத்தினர். பின்னர் சீசனின் மாலை நேரங்களை ஆண்டவர்கள் பலர் அதில் வளர்ந்தவர்களே.

மேடையில் அமர்பவர்களுக்குள்ளும் வரிசை உண்டு. பாடகர் நடுவில், வயலின் அவர் இடப்புறம், மிருதங்கம் வலப்புறம், கடமும் கஞ்சிராவும் சற்றுப் பின்னால், தம்புரா எல்லோருக்கும் பின்னால். பெண்களுக்கு வாசிக்க மறுத்த மிருதங்க, வயலின் வித்வான்கள் ஒரு காலத்தில் அதிகம். பாலக்காடு மணி ஐயரும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தார்; கடைசியில் தம் சம்பந்தியான பட்டம்மாளுக்கு வாசித்தார். தம்புரா மீட்டுவது பெரும்பாலும் சீடப்பிள்ளைகள் வேலை. 1979இல் பெங்களூருப் பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவைக் கொண்டுவந்த பிறகு அந்த வேலையும் பெட்டிக்குள் போயிற்று. இப்போது கைப்பேசிச் செயலியே போதும் என்பவர்களும் உண்டு. இருந்தாலும் மாலைக் கச்சேரிகளில் பின்னால் நிஜத் தம்புரா நிற்பதை ரசிகர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

மேடைக்கே வராதவர்கள் வாத்தியம் செய்பவர்கள். பலாமரக் கட்டையில் மாடு, எருமை, ஆட்டுத் தோல்களை மூட்டி, எருமைத்தோல் வார் இழுத்து, வலந்தலையில் கருஞ்சாதம் அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவது மிருதங்க வேலை. எந்தத் தோல் எந்தச் சுருதிக்குத் தாங்கும் என்பதைக் கையால் தடவியே சொல்வார்கள். அரங்கின் குளிர்சாதனம் பட்டால் தோலின் சுருதி நகரும். ஆகவே டிசம்பரில் அவர்களுக்கு இரவு பகல் கிடையாது. தஞ்சையிலிருந்து மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்து அவருடைய நாதத்தின் சரிபாதிக் கர்த்தா என்றால் மிகையில்லை. இந்தக் குடும்பங்கள் பலவும் தலித் கிறிஸ்தவர்கள். இவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் 2020இல் வந்தபோது, வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது.

கேன்டீனைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அறுசுவை நடராஜன், மவுண்ட்பேட்டன் மணி, மின்ட் பத்மநாபன் என்று சமையல் கலைஞர்களுக்கும் இங்கே ரசிகர் கூட்டம் உண்டு. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கூட்டம் எழுந்து காபிக்குப் போவது மிருதங்க வித்வான்களின் நிரந்தர வருத்தம். வாழைப்பூ வடையும் அசோகா அல்வாவும் சாப்பிட்டுவிட்டுக் கச்சேரிக்குள் நுழையாமலே திரும்புகிறவர்களும் சபா வருமானத்துக்கு உதவுகிறார்கள்.

விமர்சகர்கள் இன்னொரு அதிகார மையமாக இருந்தார்கள். ஆனந்த விகடனில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் எழுதிய விமர்சனங்கள் சங்கீதத்தைப் பொதுவாசகரின் பேச்சுப் பொருளாக்கின. பின்னால் வந்த சுப்புடுவின் கிண்டலுக்கு நடுங்காத வித்வான் அரிது. காலைப் பத்திரிகைக்காகக் காத்திருந்த அந்தப் பதற்றம், கச்சேரி முடிவதற்குள்ளேயே காணொளித் துணுக்குகள் சுற்றிவரும் இக்காலத்தில் வேறு உருவம் எடுத்துவிட்டது.

கடந்த பத்தாண்டு சீசனைக் கதவுக்கு வெளியிலிருந்து கேள்வி கேட்ட காலம். 2015இல் டி.எம். கிருஷ்ணா டிசம்பர் மேடைகளில் இனிப் பாடுவதில்லை என்று விலகினார். அதே காலகட்டத்தில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் குடியிருப்புக்குள் ஒரு விழா தொடங்கியது. 2018இல் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகள் வெடித்தபோது, அகாதெமி ஏழு கலைஞர்களைத் தன் நிகழ்ச்சிப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2020இல் பெருந்தொற்றால் அரங்குகள் பூட்டப்பட, நகரச் சபாக்களின் கூட்டமைப்பு பதிவு செய்த கச்சேரிகளை இணையத்தில் விற்றது. கைதட்டல் இல்லாத கூடத்தில் கேமராவைப் பார்த்துப் பாடியது பலருக்கு அதுவே முதல் முறை.

2024 மார்ச்சில் அவ்வாண்டின் சங்கீத கலாநிதியாகக் கிருஷ்ணாவையே அகாதெமி அறிவித்ததும் பழைய பிளவுகள் ஒருசேர வெளியே வந்தன. ரஞ்சனி–காயத்ரி சகோதரிகள் உள்ளிட்ட சிலர் அவ்வாண்டு விழாவிலிருந்து விலகினர். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் ஆங்கில நாளிதழ் ஒன்று நிறுவிய ரொக்கப் பரிசு கிருஷ்ணாவுக்குப் போவதை எதிர்த்து எம்.எஸ்ஸின் பேரன் உயர் நீதிமன்றம் சென்றார். வழக்கு தனி நீதிபதி, அமர்வு என்று ஏறி உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. எம்.எஸ். பெயரிலான பரிசைப் பெற்றவர் என்று கிருஷ்ணா தம்மைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று டிசம்பர் 16ஆம் தேதி, விழா தொடங்கிய சூட்டிலேயே, இடைக்கால உத்தரவு வந்தது. அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டத்தை அந்த உத்தரவு தொடவில்லை.