கடற்படை எழுச்சி, 1946

ராயல் இந்தியக் கடற்படையின் இந்திய மாலுமிகள் 1946 பிப்ரவரி 18 முதல் 23 வரை நடத்திய கிளர்ச்சி. பம்பாயில் தொடங்கி 78 கப்பல்களுக்கும் 20 கரைத்தளங்களுக்கும் பரவியது. ஏறத்தாழ 20,000 மாலுமிகள் பங்கேற்றனர். சென்னையில் எச்.எம்.ஐ.எஸ். அடையாறு தளத்து மாலுமிகளும் சேர்ந்துகொண்டனர்.

இப்படையின் தொடக்கம் 1612. கிழக்கிந்தியக் கம்பெனி தன் வணிகக் கலங்களைக் காக்கச் சூரத்துக்கு அனுப்பிய சிறு கப்பல் தொகுதியே அதன் மூலம். 1686இல் பம்பாய் மரைன், 1830இல் இந்தியக் கடற்படை, 1892இல் ராயல் இந்திய மரைன், 1934இல் ராயல் இந்தியக் கடற்படை எனப் பெயர் மாறிக்கொண்டே வந்ததே தவிர, அதிகாரம் வெள்ளையரிடமே இருந்தது. முதல் இந்திய அதிகாரியாக டி. என். முகர்ஜி பணியேற்றது 1928இல்தான். இரண்டாம் உலகப் போருக்குமுன் இரண்டாயிரம் பேர் அளவில் இருந்த படை, போர்முடிவில் 25,000ஐத் தாண்டியிருந்தது. படித்த இளைஞர் பலர் இவ்வாறு சேர்ந்தவர்கள். மட்டமான சாப்பாடு, பிரிட்டிஷ் மாலுமிகளைவிடக் குறைந்த சம்பளம், ஆட்குறைப்பு அச்சம் ஆகியவை அவர்களைக் கொதிக்கவைத்தன. டெல்லிச் செங்கோட்டையில் நடந்த இந்திய தேசிய ராணுவ வழக்குகள் அதற்கு அரசியல் நிறம் கொடுத்தன.

எச்.எம்.ஐ.எஸ். தல்வார், பம்பாயிலிருந்த தகவல்தொடர்புப் பயிற்சித் தளம். அதன் சுவர்களில் விடுதலை முழக்கங்கள் எழுதியதாக பி. சி. தத் பிப்ரவரித் தொடக்கத்தில் கைதானார்.  தளத் தலைவர் கமாண்டர் கிங்கின் கேவலமான ஏச்சும் சேர்ந்துகொள்ள, 18ஆம் நாள் மாலுமிகள் உணவை மறுத்தனர். மறுநாள் எம். எஸ். கான் தலைமையில் மத்திய வேலைநிறுத்தக் குழு அமைந்தது. மதன் சிங் துணைத்தலைவர். கப்பல்களில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் சேர்ந்து பறந்தன. பணியாவிட்டால் கடற்படையே அழிந்தாலும் சரி என்று வானொலியில் மிரட்டினார் கடற்படைத் தலைவர் வைஸ் அட்மிரல் காட்ஃபிரே. கராச்சியில் எச்.எம்.ஐ.எஸ். இந்துஸ்தான் மீது பீரங்கி சுடப்பட்டது. பம்பாயில் ஆதரவு வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச்சூட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தனர்.

அருணா ஆசஃப் அலி மாலுமிகளை ஆதரித்தார்; காந்தி கண்டித்தார். பழிவாங்கல் இராது என்று வல்லபாய் படேல் உறுதியளித்ததை நம்பி 23ஆம் நாள் மாலுமிகள் சரணடைந்தனர். உறுதி காற்றில் போயிற்று: 476 பேர் வேலையிழந்தனர், சுதந்திரத்துக்குப் பின்னும் அவர்களைத் திரும்பச் சேர்க்கவில்லை. நீதிபதி ஃபசல் அலி தலைமையிலான விசாரணைக் குழுவில் கொச்சித் தலைமை நீதிபதி கே. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும் இடம்பெற்றார். பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு இவ்வெழுச்சியால் வந்தது என்பர். ஆனால் அதன் அறிவிப்பு பிப்ரவரி 19இல் வெளியானாலும் முடிவு ஜனவரியிலேயே எடுக்கப்பட்டது.

பின்னாளில் பங்கேற்றோர் விடுதலை வீரர்களாக ஏற்கப்பட்டனர். 2001இல் கொலாபாவில் நினைவுச்சிலை எழுந்தது. 2022 குடியரசு நாள் அணிவகுப்பில் கடற்படையின் ஊர்தியிலும் எழுச்சி இடம்பெற்றது. சென்னைத் தளம் ஐ.என்.எஸ். அடையாறு என்ற பெயரில் இயங்குகிறது.