வீடு, குலம், பூகோளம்

1

பள்ளிக்கூடத்தை வெறுத்துப் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கும் போக்கு எழுத்தாளர்கள், இயக்கத் தோழர்கள் மத்தியில் மெல்லப் பரவிவருகிறது. மனப்பாடம், மதிப்பெண், அடி ஆகியவற்றிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். அந்தக் காரணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சரி, பூகோளத்தை எப்படிச் சொல்லித்தருகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: ஒரு பொருளை எடு, மண், மழை, கடல், நாடு, வணிகம், வரலாறு எல்லாவற்றையும் அதில் கோத்துக்கொண்டு போ. இதைப் புதுசு என்று நினைக்கிறார்கள். இந்த முறைக்கு இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. அது அவ்வளவு சுத்தமான வரலாறு அல்ல என்பதுதான் நான் சொல்லவருவது.

2

முறையின் வலுவை முதலில் ஒப்புக்கொள்வோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூரை எடுத்துக்கொள்ளலாம். ஊரின் பெயரிலேயே நாவல் மரம் இருக்கிறது. கோயிலின் தலமரமும் அதுவே. நம் பழைய உலகப்படத்தின் நடுவில் இருப்பதும் நாவல்தான். நாவலந்தீவு, அதைச் சுற்றி உவர்நீர், கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என ஏழு கடல்கள். மணிமேகலையின் சம்பாபதி நாவலின் கீழிருந்து இத்தீவைக் காக்கும் தெய்வம். அதே காப்பியத்தில் சாவக நாட்டுக்குக் கப்பலும் போகிறது. புராண உலகமும் வணிகர் உலகமும் ஒரே பிரதிக்குள் முட்டிக்கொள்ளாமல் இருக்கின்றன.

இந்த ஊரில் பிறந்த சுந்தரர் ஊர்த்தொகையும் திருநாட்டுத்தொகையும் பாடினார். பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டும் இடப்பெயர்ப் பட்டியல்கள். நடந்தும் பாடியும் ஒரு நாட்டை மனசில் வரைந்துகொள்கிற வழி அது. பத்தாம் நூற்றாண்டில் முதல் பராந்தகனின் மகன் இராசாதித்தன் இந்தத் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு தங்கியிருந்தான். அந்தப் படையில் மலையாள நாட்டு வீரர்கள் இருந்ததை இப்பகுதிக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. 949இல் தக்கோலத்தில் இராஷ்டிரகூடரோடு மோதி அவன் இறந்தான். கோயில் சுவரைப் படித்தாலே பிள்ளை மேற்குக் கடற்கரைக்கும் தக்காணத்துக்கும் போய்வந்துவிடும்.

இன்னும் தூரம் போகலாம். நாவலைப் போர்த்துக்கீசியர் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். பிரேசிலின் மரவள்ளியை அதே போர்த்துக்கீசியர் நம் பக்கம் கொண்டுவந்தார்கள். இன்று கள்ளக்குறிச்சி, சின்னசேலம், கல்வராயன் மலை எங்கும் மரவள்ளி. ஒரு மரம் போக, ஒரு கிழங்கு வர, நடுவே அட்லாண்டிக். உலகப் பூகோளத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேண்டுமா?

3

இப்போது வரலாறு. 1820களில் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்கக் கல்விக் கணக்கு எடுத்தார். 1826 மார்ச் மாதக் குறிப்பில் அவர் தந்த எண்ணிக்கை: 12,498 பள்ளிகள், 188,650 மாணவர்கள். பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகிற செய்தி ஒன்றும் அதில் உண்டு. சென்னை நகரில் வீட்டிலேயே படித்தவர்கள் 26 ஆயிரத்துக்கும் மேல். பள்ளிக்குப் போனவர்களைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயப்பட்டார். எண் கூடக்குறைய இருக்கட்டும். வீட்டில் வாத்தியார் வைத்துப் படிக்கவைக்க எந்த வீடுகளால் முடிந்திருக்கும் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. வீட்டுக்கல்வி இங்கே பள்ளிக்கு எதிரான கலகமாகத் தொடங்கவில்லை. வசதியாகத் தொடங்கியது.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி இருந்தது, குழிமாற்று இருந்தது, ஆத்திசூடி இருந்தது. பூகோளம் என்ற தனிப்பாடம் மிஷன் பள்ளிகளோடு வந்தது. பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியஸின் ‘பூமி சாஸ்திரம்’ 1832இல் தமிழில் அச்சானது. பூகோள உருண்டை வகுப்பறைக்கு வந்தபோது அது வெறும் பாடக்கருவியாக வரவில்லை. ஏழு கடலைப் பொய்யாக்கும் ஆயுதமாகவும் வந்தது. சுமதி ராமசாமி இதை விரிவாக எழுதியிருக்கிறார். இதைக் காலனிய வன்முறை என்று மட்டும் சொல்லி முடித்துவிட எனக்குச் சம்மதமில்லை. ஏழு கடலின் நடுவே இருந்த அந்தத் தீவில் பறையருக்கு எந்த இடம் என்பது முன்பே தீர்மானமாகியிருந்தது. உருண்டையில் அப்படி எழுதியிருக்கவில்லை.

4

ஒரு பொருளை மையமாக்கி எல்லாம் கற்பிக்கும் முறையை இந்தியா முழுதுக்குமான கொள்கையாக வைத்தது 1937 அக்டோபரில் நடந்த வார்தா மாநாடு. ஜாகிர் உசேன் குழு அதற்கு உருவம் தந்தது. கைத்தொழில் நடுவில், கணக்கும் மொழியும் பூகோளமும் அதிலிருந்து கிளைக்க வேண்டும். பருத்தியைப் பிடித்துக்கொண்டு கரிசலிலிருந்து லங்காஷயர் ஆலை வரைக்கும் போய்விடலாம். இதில் மறந்துவிடக் கூடாத ஒன்று: அந்தத் திட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் நூற்க வேண்டும். நெசவாளி பிள்ளை மட்டுமல்ல.

1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த மாற்றுத்திட்டம் இந்த இடத்தைத்தான் திருப்பிப்போட்டது. கிராமத் தொடக்கப்பள்ளிகளில் நாளைக்கு மூன்று மணி நேரம் படிப்பு. மிச்ச நேரம் வீட்டில், அப்பன் தொழிலில். கட்டடம் போதாது, ஆசிரியர் போதாது என்று சமாதானம் சொன்னார்கள். பெரியார் அதைக் ‘குலக்கல்வி’ என்றார். அந்த ஒரு சொல்லிலேயே திட்டம் அம்பலமானது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், அந்த மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

தொழில் கல்வியின் மையமானதை யாரும் குற்றம் சொல்லவில்லை. ‘வீடு’ மையமானதுதான் குற்றம். வீடு என்பது இங்கே சாதி. வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளாவிதான் உலகம் என்றானபோது, பூகோளம் விதியாகிப்போனது.

5

ஆகவே வீட்டில் படிக்கவைக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது இரண்டு. எந்த வீடு? எந்தப் பொருள்? 2020இல் கொரோனா பள்ளிகளை மூடியபோது நாட்டின் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுப்பள்ளியில்தான் இருந்தார்கள். புத்தகமும் போனும் இருந்த வீடு பள்ளியானது. இல்லாத வீட்டுப் பிள்ளை செங்கல் சூளைக்கும் கடைக்கும் போனது. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’யை முதல்வர் ஸ்டாலின் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிவைத்தார். அரசு தன்னார்வலர்களைக் குடியிருப்புகளுக்கு அனுப்ப வேண்டிவந்ததே அந்த இடைவெளிக்குச் சாட்சி.

கல்வராயன் மலையில் நிலைமை தலைகீழ். 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை அது. மலையாளிப் பழங்குடிப் பிள்ளை பலவற்றுக்குப் படிப்பு என்றாலே வீட்டைவிட்டு உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போவது. வீட்டிலிருந்து படிப்பது ஒருவருக்கு விடுதலை. வீட்டை விட்டால்தான் படிப்பு இன்னொருவருக்கு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது ஏமாற்று.

முறையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை வீட்டிலிருந்து பிடுங்கி ஊர்ப்பள்ளிக்குக் கொண்டுபோகச் சொல்கிறேன். மரவள்ளியையே எடுங்கள். நடுகிறவன் பிள்ளையும் ஆலைக்காரன் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரேசிலிலிருந்து கிழங்கு வந்த கதையைப் படிக்கட்டும். பாடம் அங்கே நின்றுவிடக் கூடாது. சேகோ ஆலையில் கிழங்கின் மாவுச்சத்துக்குப் ‘பாயின்ட்’ பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். அந்தப் பாயின்ட்டை எப்படிப் பார்ப்பது என்று இரண்டு பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தெரிந்துகொண்ட விவசாயி மகள் ஆலை வாசலில் கேட்கப்போகிற கேள்வியும் பூகோளப் பாடம்தான்.