முகில் இல்லாத புயல்

கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் வீசும் ஒரு காற்றுக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் 'பிட்டெராக்'. கடைசி எழுத்து அடித்தொண்டையில் பிறக்கும் ககரம்; நம் எழுத்தில் சரியாக உட்காராது. 'உன்மேல் பாய்வது' என்று பொருள் சொல்கிறார்கள். குளிரோ பனியோ அந்தப் பெயரில் இல்லை. இருப்பது பாய்ச்சல் மட்டும்.

நம் நாளிதழ்கள் இதையும் 'பனிப்புயல்' என்றே எழுதிவிடும். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கை. பனி என்றதும் நமக்கு நினைவில் எழுவது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் மார்கழி விடியலின் மூட்டமும். புயலின் கதை இன்னும் சுவையானது. பழந்தமிழில் புயல் என்றால் முகில், மழை. குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் வரும் புயல், உழவன் அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கும் மழைதான். அவன் கூரையைப் பிய்க்கும் காற்றல்ல. கொடுப்பதற்கு இருந்த பெயர் எடுத்துக்கொண்டு போவதற்கு வந்துவிட்டது.

பிட்டெராக்கோ பலமுறை வானம் தெளிந்திருக்கும்போதே வரும். கிரீன்லாந்தின் நடுப்பகுதியில் 3 கி.மீ. உயரத்துக்கும் மேலே பனிப்பாளம் கிடக்கிறது. அதன் முதுகில் படிந்த காற்று குளிர்ந்து குளிர்ந்து கனக்கிறது. கனத்தது சரிவில் இறங்கத்தானே வேண்டும்? ஐஸ்லாந்துப் பக்கத்துக் கடல்மேல் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று வந்து நின்றால் இழுப்பும் சேர்ந்துகொள்கிறது. கடலை நோக்கிக் குறுகும் பள்ளத்தாக்குகளில் புகுந்து, மடை திறந்த வெள்ளம்போலக் கரைக்கு வருகிறது. அறிவியலார் இவ்வகைக் காற்றுக்கு வைத்த 'கட்டபாட்டிக்' என்னும் பெயருக்குக் கிரேக்கத்தில் 'கீழிறங்குவது' என்று பொருள். சரியான பெயர்தான். ஆனால் அது மேலே நின்று பார்ப்பவர் வைத்த பெயர். பிட்டெராக், கீழே வீட்டுக்குள் இருப்பவர் வைத்தது.

அந்த வீடுகள் இருக்கும் ஊர் தாசிலாக். பழைய பெயர் அம்மசலிக். இன்றும் ஏறத்தாழ 2,000 பேர்தான். 1970 பிப்ரவரி 6 அன்று வந்த பிட்டெராக் அந்த ஊரைச் சிதைத்துவிட்டுப் போனது. வேகம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டியிருக்கும் என்பது மதிப்பீடு. அதன் பிறகு டென்மார்க் வானிலை நிறுவனம் இந்தக் காற்றுக்கென்றே தனி எச்சரிக்கை விடத் தொடங்கியது. எச்சரிக்கையிலும் அதே ஊர்ச் சொல்தான்.

நாம் 'பனிப்புயல்' என்று தமிழாக்கும் 'பிளிஸார்டு' என்ற ஆங்கிலச் சொல்லும் முதலில் வானிலைச் சொல்லாக இருக்கவில்லை. அமெரிக்காவில் அது பலத்த அடியையும் துப்பாக்கிச் சூட்டையும் குறித்தது. 1870இல் அயோவா மாநிலத்துச் சிற்றூர்ப் பத்திரிகை ஒன்று அதைப் பனிக்காற்றுக்குச் சூட்டியது. 1880களின் கடுங்குளிர்காலங்கள் அதை நாடெங்கும் பரப்பின. இப்போது அதற்கு அங்கே அளவுகோல் உண்டு: மணிக்கு 56 கி.மீ. காற்று, 400 மீட்டருக்கும் குறைவான பார்வைத் தொலைவு, குறைந்தது 3 மணி நேரம். அடிதடியில் பிறந்த சொல் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டது.

ஆக, இரண்டு ஊரிலும் காற்றுக்குப் பெயர் வந்த வழி அடியும் பாய்ச்சலும். தமிழில் அப்படியொரு சொல் இல்லையா? இருக்கிறது, சூறை. சூறை என்றால் கொள்ளை. சூறை என்றால் சுழல்காற்றும். சூறையாடுகிறவர்கள் வேறு, சூறாவளி வேறு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சொல் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. உடைத்தவுடன் ஆளாளுக்குப் பாய்ந்து அள்ளும் தேங்காய்க்கும் சூறைத்தேங்காய் என்றுதானே பெயர்?

மொழிபெயர்ப்பவர் யாராவது 'பனிச்சூறை' என்று எழுதினால் நான் மகிழ்வேன். தாசிலாக் ஊர்க்காரர் ஒருவருக்கு அந்தச் சொல்லை விளக்க அதிக நேரம் பிடிக்காது.