கட்டவிழ்ந்த காளைகள் – 7: ஓர் ஊரின் ஓட்டு

முன்கதை: கூடைப்பந்து ஆட்டக்காரர் ஆஸ்கார் ராபர்ட்சன், அணி மாறும் உரிமைக்காக 1970-இல் தொடுத்த வழக்கு 1976-இல் சமரசத்தில் முடிந்தது. 1988-இல் டாம் சேம்பர்ஸ் என்பவர் ஒப்பந்தம் முடிந்த கையோடு, யாருடைய தயவும் இல்லாமல், சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போனார். முழுச் சுதந்திரம் பெற்ற முதல் ஃப்ரீ ஏஜென்ட் அவர்தான். கதவு திறந்துவிட்டது. ஆனால் ஓர் அணியின் உயிர்நாடியாக இருப்பவன், அதுவும் 24 வயதில், அந்த வாசலைத் தாண்டுவான் என்று யாரும் கற்பனைகூடச் செய்யவில்லை.

1996 வரை.

*

1993 ஏப்ரல் 23. நியூ ஜெர்சியில் ஆட்டம். ஆர்லாண்டோ மேஜிக் அணியின் 21 வயது ஷாக்கில் ஓ’நீல் எம்பிக் குதித்து, பந்தை வளையத்துக்குள் அறைந்துவிட்டுத் தொங்குகிறார். உயரம் 7 அடி 1 அங்குலம். எடை 136 கிலோ. வளையம் வளைகிறது, பலகை சாய்கிறது, அதைத் தாங்கிய இரும்புச் சட்டம் மளமளவென்று மடங்குகிறது. பலகைக்கு மேலே இருந்த 24 விநாடிக் கடிகாரமும் சேர்ந்து சரிகிறது. ஷாக் குனிந்து விலகி வெளியே வருகிறார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஃபீனிக்ஸில் இன்னொரு பலகையைச் சாய்த்திருந்தார். தேசியக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ. இதற்குப் பிறகு எல்லா அரங்குகளிலும் பலகைகளைத் தாங்கும் அமைப்பையே பலப்படுத்தியது.

ஆர்லாண்டோ என்றால் அதுவரை டிஸ்னி வேர்ல்ட்தான். அன்று அந்த ஊரில் வேறு எந்தப் பெரிய விளையாட்டு அணியும் கிடையாது. மேஜிக் பிறந்ததே 1989-இல். 1992-இல் புதுமுகத் தேர்வுக்கான குலுக்கலில் முதலிடம் கிடைத்து ஷாக் வந்தார். அடுத்த ஆண்டு 66-இல் ஒரே ஒரு வாய்ப்பை வைத்துக்கொண்டு மறுபடியும் குலுக்கலில் முதலிடம். அந்த அதிர்ஷ்டத்தை மாற்றிக்கொண்டு பென்னி ஹார்டவேயைக் கொண்டுவந்தார்கள். அணி தொடங்கிய ஆறாவது ஆண்டிலேயே, 1995-இல், இறுதிப் போட்டி. ஹூஸ்டனிடம் 4-0 என்று தோற்றார்கள். 1996-இல் 60 வெற்றிகள். ஆனால் அரையிறுதியில் எதிரே நின்றது 72 ஆட்டங்களில் வென்றிருந்த மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ. மறுபடி 4-0.

தோல்வி வலித்தது. ஆனால் அன்று யாரைக் கேட்டாலும், இவர்களுக்கு இன்னும் பத்து ஆண்டு இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஷாக்கின் முதல் ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டாலர். அதில் ஒரு வரி இருந்தது: நான்கு ஆண்டு முடிந்ததும் அவர் விரும்பினால் வெளியேறலாம். 1996 கோடையில் அந்த வரியைப் பயன்படுத்தினார்.

*

இங்கே கொஞ்சம் நின்று விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். இது புரியாவிட்டால் அடுத்து நடந்ததன் கொடுமை புரியாது.

என்.பி.ஏ.வில் ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 1996-97-க்கு அது ஏறத்தாழ 2.43 கோடி டாலர். வெளியிலிருந்து ஓர் ஆட்டக்காரரைக் கூட்டிவர வேண்டுமானால் இந்த வரம்புக்குள் இடம் இருக்க வேண்டும். ஆனால் தன் சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைத்துக்கொள்ள ஓர் அணி வரம்பை மீறலாம். முன்னாள் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் வழங்கும் விதிவிலக்கு இது. அதே ஜூலையில் சிகாகோ ஜோர்டனுக்கு ஓராண்டுக்கு மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. ஒரு முழு அணியின் உச்சவரம்பைவிட ஒரு மனிதரின் சம்பளம் அதிகம். சொந்த ஆள் என்பதால் அது செல்லும்.

ஆக, ஷாக்குக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கக்கூடிய அணி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஆர்லாண்டோ. மற்ற எல்லோரும் கையில் இருப்பதை எண்ணி எண்ணித்தான் பேச முடியும். வரிக் கணக்கும் ஆர்லாண்டோவின் பக்கம்தான்: ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது, கலிஃபோர்னியாவில் உண்டு. அணியின் அன்றைய உரிமையாளர் ரிச்சர்ட் டிவோஸ், நம் ஊர் வீடுகளிலும் பெயர் தெரிந்த ஆம்வே நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். பணத்துக்குப் பஞ்சமில்லை. சட்டம், வரி, செல்வம் மூன்றும் ஒரே பக்கத்தில்.

அப்படிப்பட்டவர்கள் பேரம் பேசத் தொடங்கினார்கள்.

முதலில் சொன்ன தொகை, அந்தக் கோடையில் மற்ற நட்சத்திரங்களுக்குக் கிடைத்ததைவிட வெகு குறைவு. பிறகு ஏற்றினார்கள். மறுபடி கொஞ்சம் ஏற்றினார்கள். அடுத்து பென்னிக்கும் கொடுக்க வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தன்னால் எழுந்து நிற்கும் அணி தன்னை அங்குலம் அங்குலமாக அளந்து விலை சொல்கிறது என்று ஒருவன் உணர்ந்துவிட்டால், பிறகு ஏற்றும் ஒவ்வொரு டாலரும் முன்பு கொடுக்க மறுத்த டாலராகத்தான் அவன் கண்ணுக்குத் தெரியும். ஆர்லாண்டோ இழைத்த பெரிய பிழை இதுதான் என்று நான் நினைக்கிறேன். கடைசித் தொகையை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இத்தனைக்கும் நடுவே, நான்காயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மனிதர் தன் அணியைத் தானே கலைக்கத் தொடங்கியிருந்தார்.

*

ஜெர்ரி வெஸ்ட். என்.பி.ஏ.வின் இலச்சினையில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் உருவம் இவருடையதுதான் என்பது ஊரறிந்த செய்தி. லேக்கர்ஸ் அணிக்காக 14 பருவங்கள் ஆடினார். ஒன்பது முறை இறுதிப் போட்டிக்குப் போய் எட்டு முறை தோற்றார். 1969-இல் தோற்ற அணியில் இருந்தும் இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். வேறு யாருக்கும் அப்படி நடந்ததில்லை. அந்தத் தோல்விகள் அவர் உடம்பிலேயே தங்கிவிட்டன. அதே அணியின் நிர்வாகியான பிறகும் தன் அணி ஆடுவதை உட்கார்ந்து பார்க்க அவரால் முடியாது. எழுந்து அரங்கை விட்டே போய்விடுவார்.

அதற்கு முன் லேக்கர்ஸ் கடைசியாகப் பட்டம் வென்றது 1988-இல். அணியின் பழைய நட்சத்திரம் மேஜிக் ஜான்சன் 1996 தொடக்கத்தில் ஓய்விலிருந்து திரும்பி வந்து, சில மாதங்களிலேயே மறுபடியும் விடைபெற்றுவிட்டார். முதல் சுற்றிலேயே அணி வெளியேறியது. வெஸ்டுக்கு ஷாக் வேண்டும். ஆனால் உச்சவரம்புக்குள் இடம் இல்லை.

இடத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

அந்த ஜூன் மாதத்தில் இங்கிள்வுட்டில் ஒரு சிறிய அரங்கம். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த 17 வயதுப் பையன் ஒருவனை வெஸ்ட் பார்க்க வந்தார். அவனுக்கு எதிராக நின்றவர் மைக்கேல் கூப்பர். 40 வயது, ஓய்வுபெற்றவர். ஆனால் 1987-இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர், ஒல்லியான நீண்ட கைகளால் லாரி பேர்டையே திணறடித்தவர். பையன் அவரை முதுகால் தள்ளி, திரும்பி, தலைக்கு மேலாகப் பந்தை எறிந்தான். விழுந்தது. கூப்பர் நெருங்கினார். பையன் விலகி ஓடினான். மறுபடி விழுந்தது. வெஸ்ட் முழுப் பயிற்சியையும் பார்க்கவில்லை. பார்த்தது போதும் என்று பாதியிலேயே கிளம்பிவிட்டார். அன்றைய லேக்கர்ஸ் அணியில் இருக்கும் பலரைவிட இந்தப் பையன் மேல் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

பையனின் பெயர் கோபி பிரையன்ட்.

இப்போது கணக்கைப் பாருங்கள். லேக்கர்ஸின் சென்டர் விளாடே டிவாட்ஸ். யுகோஸ்லாவியாவிலிருந்து 1989-இல் வந்தவர், நல்ல சம்பளக்காரர். புதுமுகத்துக்கோ ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டாலர்தான். டிவாட்ஸைச் சார்லட் அணிக்குக் கொடுத்து, அவர்கள் 13-ஆவதாகத் தேர்ந்தெடுக்கும் கோபியை வாங்கிக்கொண்டால், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பையன் வருவான், ஷாக்குக்கு இடமும் வரும். ஜூன் 26 தேர்வு நாளில் சார்லட் சொன்னபடியே கோபியின் பெயரை அறிவித்தது.

டிவாட்ஸ் மறுத்துவிட்டார்.

சார்லட்டுக்குப் போவதைவிட ஆட்டத்தையே விட்டுவிடுகிறேன் என்றார். அவர் வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. அப்துல் ஜப்பார் விட்டுப்போன இடத்தில் வந்து நின்று, மொழி தெரியாத ஊரில் மொழி கற்று, அதைத் தன் ஊராக்கிக்கொண்டவர். அவர் ஓய்வு பெற்றால் பேரம் முறியும். பேரம் முறிந்தால் கோபி கிடையாது. இடம் கிடையாது. ஷாக்கிடம் பேசுவதற்கே வழி கிடையாது. ஒரு நாட்டிலிருந்து தூக்கி இன்னொரு நாட்டில் நட்ட மனிதனை மறுபடியும் பிடுங்குகிறார்கள். அந்த வலியை யாரும் அவ்வளவாக எழுதவில்லை என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இழுபறி நாள் கணக்கில் நீண்டது. கடைசியில் டிவாட்ஸ் மனம் மாறினார். ஜூலை இரண்டாம் வாரத்தில் பரிமாற்றம் முடிந்தது.

*

வெஸ்ட் மூச்சு விட்டிருக்கலாம். விடவில்லை. லேக்கர்ஸ் ஷாக்குக்கு ஏழு ஆண்டுக்குச் சொன்ன முதல் தொகை 9.5 கோடி டாலர் அளவில் இருந்தது. அதே வாரத்தில் மயாமி அணி அலோன்சோ மோர்னிங்குக்கும் ஜுவான் ஹோவர்டுக்கும் ஆளுக்கு 10 கோடி டாலர் அளவில் பேசியது. இருவருமே நல்ல ஆட்டக்காரர்கள். இருவருமே ஷாக் இல்லை. சந்தை ஒரே இரவில் வெஸ்டைத் தாண்டிப் போய்விட்டது.

ஷாக் அப்போது அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்கான அமெரிக்க அணியில் இருந்தார். அதே அணியில் பென்னியும் இருந்தார். சேர்ந்து பட்டம் வெல்ல வேண்டிய இருவர், ஒரே சீருடையில், ஒருவர் போகப் போகிறாரா இல்லையா என்று தெரியாமல் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ‘ஆர்லாண்டோ சென்டினல்’ நாளிதழ் ஊர் மக்களிடம் கருத்துக் கேட்டது. ஏழு ஆண்டுக்கு 11.5 கோடி டாலர் பெற ஷாக் தகுதியானவரா?

நூற்றுக்கு 91 பேருக்கு மேல் இல்லை என்றார்கள்.

அந்த மக்களை வைய எனக்கு மனமில்லை. கேளிக்கைப் பூங்காக்களிலும் விடுதிகளிலும் வேலை பார்த்து மாதக் கடைசியை எட்டிப்பிடிக்கும் ஊர் அது. 11.5 கோடி டாலர் எந்த மனிதனுக்கு என்று கேட்டாலும் அவர்கள் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனக்குக் கோபம் கேள்வியின் மேல்தான். அந்தப் பணத்தை அவர்கள் யாரும் தரப்போவதில்லை. தரப்போகிற டிவோஸை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வியை ஊரிடம் கேட்டு, நான்கு ஆண்டு தங்களுக்காக வியர்வை சிந்தியவனின் முகத்துக்கு முன்னால் பதிலை அச்சிட்டார்கள். அந்த வாக்கெடுப்பு தன்னைக் காயப்படுத்தியதை ஷாக் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

லாஸ் ஏஞ்சலஸில் வெஸ்ட் கடைசிச் சேமிப்பையும் எடுத்தார். அந்தோனி பீலர், ஜார்ஜ் லிஞ்ச் ஆகிய இரண்டு ஆட்டக்காரர்களை வான்கூவர் அணிக்கு அனுப்பினார். பதிலுக்கு ஓர் ஆட்டக்காரரைக்கூட வாங்கவில்லை. அவருக்கு வேண்டியது ஆள் இல்லை, அவர்களுடைய சம்பளம் விட்டுப்போகும் இடம். அந்த இடத்தையும் சேர்த்து ஏழு ஆண்டுக்கு 12 கோடி டாலர் என்று எழுதினார்.

இப்போது அவர் நிலைமையை எண்ணிப் பாருங்கள். முதல் சென்டர் போய்விட்டார். சுழற்சியில் ஆடும் இருவர் போய்விட்டார்கள். கையில் இருப்பது கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு பையனும், கையெழுத்து விழாத ஒரு தாளும். ஷாக் வேண்டாம் என்று சொன்னால், லேக்கர்ஸின் வரலாற்றில் இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை என்று ஊரே எழுதும். எட்டு முறை தோற்றவருக்கு ஒன்பதாவது தோல்வி மேசையிலேயே நிகழும்.

ஆர்லாண்டோ பின்வாங்கவில்லை. அவர்களுடைய தொகையும் ஏறிக்கொண்டே வந்தது. இரண்டு தொகைகளும் நெருங்க நெருங்க, வரியைக் கழித்துப் பார்த்தால் கைக்கு அதிகம் வருவது ஆர்லாண்டோவில்தான்.

ஜூலை 17, புதன்கிழமை. ஷாக் பூதமாக நடித்த ‘கஸாம்’ திரைப்படம் அமெரிக்கா முழுவதும் வெளியானது. அவர் ஹாலிவுட்டுக்காகப் போகிறார் என்று ஒரு பக்கம் பேச்சு. சொந்த ஊர் போல ஆகிவிட்ட இடத்தை விட மாட்டார் என்று இன்னொரு பக்கம். ஒலிம்பிக்ஸ் தொடங்க இரண்டே நாள்.

மறுநாள் காலை, அட்லாண்டாவில் பத்திரிகையாளர்கள் கூடினார்கள்.

அந்தக் கோடை முடிவதற்குள் ஜெர்ரி வெஸ்ட் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. தோற்றதாலா, வென்றதாலா?

(அடுத்த வாரம்: ஜூலை 18)