மண்ணின் எதிர்ப்பும் எஃகின் அயர்ச்சியும்: திறந்தவெளிச் சுரங்க இயந்திரங்களின் தகைவுக் கணிப்பு வளர்ந்த வரலாறு

ஜெர்மனியின் ஹம்பாக் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக க்ரூப் நிறுவனம் கட்டிய பேகர் 288 என்ற வாளிச்சக்கர இயந்திரம் 1978-இல் உருவானது. எடை சுமார் 13,500 டன். முகப்பில் 21.6 மீட்டர் விட்டமுள்ள சக்கரம், அதன் விளிம்பில் 18 வாளிகள். ஒவ்வொரு வாளியும் மண்ணைக் கடிக்கும்போது அந்த அடி சட்டகம் முழுவதும் பரவுகிறது. இத்தகைய அடிகளை முன்கூட்டிக் கணிக்க நடந்த முயற்சிகளின் வரலாற்றில், எஃகைப் பற்றிய அறிவு விரைந்து வளர்ந்தது. மண்ணைப் பற்றிய அறிவு வெகுவாகப் பின்தங்கியது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

தொடக்ககாலப் பொறியாளரின் முதற்கவலை, இயந்திரம் கவிழாமல் நிற்குமா என்பது. உறுப்புகளின் எடையையும் எதிர்ப்பாரத்தையும் கூட்டிக் கழித்து, சட்டங்களில் ஏறும் விசையைக் கையாலேயே கணக்கிட்டனர். அசையும் பாரத்தை அசையாப் பாரமாகவே கொண்டு, அதிர்வுக்கென ஒரு பெருக்கு எண்ணைச் சேர்த்தனர். அக்கணக்கு தவறில்லை, ஆனால் விரிசல் எங்கே தோன்றும் என்பதை அது சொல்லாது.

அதற்கான கருவி விமானத் துறையிலிருந்து வந்தது. விமான இறக்கையின் விறைப்பைக் கணக்கிட டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரும் 1956-இல் வெளியிட்ட கட்டுரை, சிக்கலான கட்டமைப்பைச் சிறு துண்டுகளாக்கிக் கணினியில் தீர்க்கும் வழியைக் காட்டியது. 1960-இல் கிளஃப் அதற்கு ‘வரம்புறு கூறு முறை’ என்ற பொருளில் பெயரிட்டார். சுரங்க இயந்திரத்தின் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக ஆராய்வது இதன் பிறகே நடைமுறைக்கு எட்டியது.

ஆனால் பெரும்பாலான விரிசல்களுக்குக் காரணம் ஒரே பெரும்பாரம் அல்ல; மீண்டும் மீண்டும் வரும் சிறு பாரங்கள். ரயில் அச்சுகளை வைத்து வோலர் 19-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய உண்மை இது. டிராக்லைன் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். வாளியை இழுத்து, தூக்கி, சுழன்று, கொட்டித் திரும்ப ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 1,200 சுற்றுகள். 300 நாளில் 3,60,000. ஒவ்வொரு சுற்றிலும் நீண்ட கையின் குழாய்ச் சட்டங்கள் சந்திக்கும் வெல்டிங் மூட்டுகள் ஒருமுறை இழுபட்டுத் தளர்கின்றன. சில இயந்திரங்களில் அக்குழாய்களுக்குள் அழுத்தவாயுவை அடைத்துவைப்பார்கள். அழுத்தம் இறங்கினால் விரிசல் விழுந்துவிட்டதென்று பொருள். கணிப்பை நம்பி மட்டும் இருக்காத இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

இப்படிச் சுற்றுக்குச் சுற்று சேரும் அயர்ச்சிச் சேதத்தைக் கூட்டிக் கணக்கிடும் விதியை பாம்கிரென் 1924-இலும் மைனர் 1945-இலும் தந்தனர். ஒழுங்கற்று ஏறியிறங்கும் பாரத்தைச் சுற்றுகளாகப் பிரித்தெண்ணும் முறையை ஜப்பானில் மத்சுயிஷியும் எண்டோவும் 1968-இல் வகுத்தனர். எஃகுப் பக்கத்துக் கணக்கு இத்துடன் பெரும்பாலும் தயார்.

மண்ணின் பக்கம்தான் குறை. மண்வெட்டும் விசைக்கு 1960-களில் ரீஸ் தந்த சமன்பாடு, சீரான மண்ணுக்கே நன்கு பொருந்தும். 1979-இல் கண்டாலும் ஸ்ட்ராக்கும் வெளியிட்ட தனிக்கூறு முறை, துகள்கள் மோதி உருள்வதைத் தனித்தனியே பின்தொடர்ந்தது. வாளி நிரம்புவதைக் கணினியில் காண முடிந்தது. எனினும் துகளின் உராய்வு, பாறையின் பிணைப்பு முதலிய எண்களை யாரோ ஒருவர் தரவேண்டும். போலந்தின் விரோட்ஸ்வாஃப், செர்பியாவின் பெல்கிரேட் ஆகிய நகரப் பல்கலைக்கழகங்களில் வாளிச்சக்கர இயந்திரங்களை ஆராய்ந்தோர், கணினி மாதிரியோடு களத்தில் ஒட்டிய திரிபுமானி அளவீட்டையும் சேர்த்தே பயன்படுத்தியதற்குக் காரணம் இதுவே.

நெய்வேலி இதற்கு நம் ஊர்ச் சான்று. 1957-இல் மண்ணகழ்வு தொடங்கிய அச்சுரங்கத்தில், நிலக்கரிக்கு மேலிருக்கும் கடலூர் மணற்கல் கடினமானது; வாளிப் பற்களை வேகமாகத் தேய்ப்பது. ஜெர்மனியிலிருந்து வந்த வாளிச்சக்கர இயந்திரங்கள் அங்கே வெட்டுவதற்கு முன், வெடிவைத்து அடுக்கைத் தளர்த்த வேண்டியிருந்தது. மென்மண்ணுக்கென எழுதிய பாரக் கணக்கை அந்த மணற்கல்லுக்கு அப்படியே எடுத்தாள முடியாது. இத்துறையில் இறங்க எண்ணும் மாணவர்கள் முதலில் சுரங்கப் படிக்கட்டில் நின்று அந்தக் கல்லையும் தேய்ந்த பல்லையும் கையில் எடுத்துப் பார்க்கட்டும். கணினியின் முன் அதன்பிறகு உட்காரலாம்.