நீல மேகத்தை நீக்குவது எப்படி? நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு கதை

இன்னைக்கு எபிசோடு வாஷிங்டன்ல, ஒரு நீதிமன்றத்துல ஆரம்பிக்குது. வருஷம் 1997, மாசம் டிசம்பர். நீதிபதி பேரு தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன். அவர் முன்னால இருந்த கேள்வி ரொம்பச் சின்னது: விண்டோஸ் 95-ல இருந்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை எடுக்க முடியுமா, முடியாதா?

மைக்ரோசாஃப்ட் தரப்பு சொன்னது, "அது தனிப் பொருள் இல்ல, விண்டோஸோட ஒரு பகுதி. பிச்சு எடுத்தா விண்டோஸ் ஒழுங்கா ஓடாது." நீதிபதி என்ன பண்ணார் தெரியுமா? கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒருத்தரை உட்கார வெச்சு, விண்டோஸ்லயே இருக்கற 'ஆட் ரிமூவ்' வசதி வழியா நீக்கச் சொன்னார். 90 நொடிக்குள்ள வேலை முடிஞ்சுது. கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிச்சு. உடனே கம்பெனி சொன்ன பதில், "நீங்க எடுத்தது வெறும் மேல்பூச்சு. உள்ள இருக்கற கோடு அப்படியேதான் இருக்கு."

இந்த ரெண்டு வாக்கியத்தையும் மனசுல வெச்சுக்கங்க. எடுக்க முடியாதுங்கறது ஒண்ணு, எடுத்தாலும் போகாதுங்கறது இன்னொண்ணு. இன்னைக்கு நாம பேசப்போற விஷயம் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்கு.

விஷயம் இதுதான். புது லேப்டாப் வாங்கறீங்க. கீழே வலது மூலையில கடிகாரத்துக்குப் பக்கத்துல ஒரு குட்டி நீல மேகம். நீங்க கூப்பிடல, அதுவா வந்து உட்கார்ந்திருக்கு. கொஞ்ச நாள் கழிச்சு, "உங்க இடம் நிரம்பப் போகுது, காசு கட்டி அதிகப்படுத்திக்கங்க"ன்னு சொல்லுது. வீட்ல அப்பாவோ சித்தியோ நம்மகிட்ட கேக்கறாங்க: "இது என்னடா? எடுத்துவிடேன்." ஒன்டிரைவ். இதை எடுக்கறது எப்படின்னு ரெண்டு நிமிஷ வீடியோ ஆயிரம் இருக்கு. எனக்கு ஆர்வம் வந்தது வேற ஒரு கேள்வியில: நம்ம கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு மென்பொருளை எடுக்கறது எப்போ இவ்வளவு பெரிய வேலையாச்சு? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சாதான், ஏன் அந்த ரெண்டு நிமிஷ வீடியோவைப் பார்த்துட்டு அவசரப்படக் கூடாதுங்கறதும் புரியும்.

பட்டியல்ல இல்லாத பெயர்

1998 மே மாசம் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் சேர்ந்து மைக்ரோசாஃப்ட் மேல பெரிய வழக்கைப் போட்டாங்க. அதே வருஷம் வந்த விண்டோஸ் 98-ல ஒரு மாற்றம் இருந்துச்சு. எந்தப் பட்டியல் வழியா நீதிபதி 90 நொடியில நீக்க வெச்சாரோ, அந்தப் பட்டியல்ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோட பேரே இல்ல. பூட்டு போடல, கதவையே சுவரா மாத்திட்டாங்க.

வழக்குல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் ஒரு சின்ன நிரல் எழுதி, எக்ஸ்ப்ளோரர் இல்லாமலும் விண்டோஸ் 98 ஓடும்னு காட்டினார். அதை மறுக்க 1999 பிப்ரவரியில கம்பெனி ஒரு வீடியோ போட்டுக் காட்டிச்சு. ஃபெல்டனோட நிரல் ஓடினதும் விண்டோஸ் மெதுவாயிடுதுன்னு நிரூபிக்கற வீடியோ. அரசு வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ் திரையோட மேல் பட்டையைக் காட்டினார். அதுல இருந்த எழுத்துப்படி, அந்த கம்ப்யூட்டர்ல ஃபெல்டனோட நிரல் ஓடவே இல்ல. கம்பெனியோட மானம் அன்னைக்குக் கப்பலேறிச்சு.

2000-ல கம்பெனியை ரெண்டா உடைக்கணும்னு ஜாக்சன் தீர்ப்பு சொன்னார். 2001 ஜூன்ல மேல் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. நிறையப் பேர் கதையை இங்கேயே முடிச்சுடுவாங்க. ஆனா அந்தத் தீர்ப்புல நமக்கு வேண்டிய ஒரு வரி இருக்கு. நீக்கற பட்டியல்ல இருந்து எக்ஸ்ப்ளோரரை எடுத்தது சட்டவிரோதம்னு மேல் நீதிமன்றமும் ஒத்துக்கிச்சு. ஒரு மென்பொருளோட பேரு 'நீக்கு' பட்டியல்ல இருக்கா இல்லையாங்கறது வெறும் டிசைன் விஷயம் இல்ல, அதுக்குள்ள அதிகாரம் இருக்குன்னு ஒரு நீதிமன்றம் ஏத்துக்கிட்டது எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான இடம்.

அப்புறம் 2001 நவம்பர்ல சமரசம். அதோட விளைவா 2002-ல விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த அப்டேட்ல, எக்ஸ்ப்ளோரர் மாதிரியான மென்பொருள்களை மறைக்கற வசதி வந்துச்சு. கவனிங்க, மறைக்கற வசதிதான். ஐகான் போயிடும், உள்ள கோடு இருக்கும்.

இணையதளமா இருந்தது வீட்டுக்குள்ள வந்த கதை

இப்போ மேகத்துக்கு வருவோம். 2007 ஆகஸ்ட்ல மைக்ரோசாஃப்ட் 'விண்டோஸ் லைவ் ஃபோல்டர்ஸ்'னு ஒண்ணை சோதனைக்கு விட்டுச்சு. சில நாள்லயே பேரு 'ஸ்கைடிரைவ்' ஆச்சு. அப்போ அது வெறும் இணையதளம். வேணும்னா உள்ள போய் ஃபைலை ஏத்துவீங்க, வேண்டாம்னா பிரவுசரை மூடிடுவீங்க. நீக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல.

2012 ஏப்ரல்ல கம்ப்யூட்டர்ல நிறுவற செயலி வந்துச்சு. அதே மாசம்தான் கூகுள் டிரைவும் வந்துச்சு. அப்பவும் அதை இறக்கி நிறுவினது நீங்கதான். நீங்க வெச்சது, நீங்க எடுக்கலாம். பெரிய திருப்பம் 2013 அக்டோபர்ல விண்டோஸ் 8.1 வந்தப்போ. ஸ்கைடிரைவ் விண்டோஸுக்குள்ளேயே கலந்து வந்துச்சு. அணைச்சு வைக்கலாம், நீக்க முடியாது. 1997-ல கேட்ட அதே பாட்டு, வேற ராகத்துல.

நடுவுல ஒரு சுவாரசியம். பிரிட்டன்ல 'ஸ்கை'ங்கற பேரை வெச்சிருந்த தொலைக்காட்சி நிறுவனம் வழக்கு போட்டு 2013-ல ஜெயிச்சுது. அதனால 2014 பிப்ரவரியில ஸ்கைடிரைவ், ஒன்டிரைவ் ஆச்சு. வானம் பறிபோச்சு, மேகம் மட்டும் தங்கிடுச்சு.

2015 ஜூலையில விண்டோஸ் 10. அது வந்த புதுசுல ஒன்டிரைவ் பேரு நீக்கற பட்டியல்ல இல்ல. எடுக்கணும்னா கறுப்புத் திரையைத் திறந்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஒளிஞ்சிருக்கற அதோட செட்டப் ஃபைலைக் கூப்பிட்டு, 'அன்இன்ஸ்டால்'னு கட்டளை தட்டணும். இன்னொரு வழி, 'குரூப் பாலிசி'ங்கற கருவியில ஒன்டிரைவைத் தடை பண்றது. ஆனா அந்தக் கருவி புரோ பதிப்புலதான் இருக்கு. வீட்டுக்குன்னு விக்கற ஹோம் பதிப்புல கிடையாது. ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பாத்துக்க ஐடி ஆள் இருப்பார், அவருக்கு ஸ்விட்ச் கொடுத்தாங்க. வீட்ல இருக்கற அம்மாவுக்குக் கொடுக்கல. அடுத்தடுத்த பதிப்புகள்லதான் சாதாரணமா 'ஆப்ஸ்' பட்டியல்ல இருந்து நீக்கற மாதிரி ஆச்சு.

ஏன் இவ்வளவு பிடிவாதம்?

இதுக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாத்தேன். 2014 அக்டோபர்ல, ஆபீஸ் 365 சந்தாதாரர்களுக்கு அளவில்லாத இடம்னு அறிவிச்சாங்க. ஒரே வருஷத்துல, 2015 நவம்பர்ல, அதை வாபஸ் வாங்கினாங்க. சிலர் 75 டெராபைட்டுக்கு மேல ஏத்திட்டாங்க, அது சராசரியைப் போல 14,000 மடங்குன்னு காரணம் சொன்னாங்க. அதே அறிவிப்புல, இலவசமா இருந்த 15 ஜிபியை 5 ஜிபியா குறைச்சாங்க. சனங்க கொதிச்ச பிறகு, பழைய ஆளுங்க கேட்டு வாங்கினா 15 ஜிபியை வெச்சுக்கலாம்னு இறங்கி வந்தாங்க.

இப்போ 75 டெராபைட்டை 14,000-ஆல வகுத்துப் பாருங்க. அஞ்சரை ஜிபிக்குப் பக்கத்துல வரும். அதாவது அவங்க கணக்குப்படியே ஒரு சராசரி ஆள் வெச்சிருந்தது அவ்வளவுதான். இலவச எல்லை 5. சராசரி மனுஷன் எங்க முட்டுவானோ, அதுக்குக் கொஞ்சம் முன்னால சுவர். இது திட்டமிட்டதுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா சுவர் அங்க இருக்கும்போது, உங்க டெஸ்க்டாப்பையும் போட்டோக்களையும் தானாவே உள்ள இழுக்கற மென்பொருள் யாருக்கு லாபம்னு யோசிக்க நீங்க எம்பிஏ படிச்சிருக்க வேண்டியதில்ல. 2023-ல இருந்து அவுட்லுக் மெயில்ல வர இணைப்புகளும் அதே 5 ஜிபியில சேருது. இடம் நிரம்பி வழிஞ்சா மெயில் வர்றதே நின்னுடும். போட்டோ ஏறினதால கரண்ட் பில் மெயில் வராமப் போகலாம்.

எதிர்ப்பு இல்லாம இல்ல. 2021 நவம்பர்ல ஜெர்மனியைச் சேர்ந்த நெக்ஸ்ட்கிளவுட் நிறுவனம் பல ஐரோப்பிய நிறுவனங்களோட சேர்ந்து, விண்டோஸோட ஒன்டிரைவைக் கட்டி விக்கறதைப் பத்தி ஐரோப்பிய ஆணையத்துகிட்ட புகார் கொடுத்தாங்க. 2023 நவம்பர்ல, ஒன்டிரைவை மூடணும்னா ஏன் மூடறீங்கன்னு காரணம் சொல்லணும்ங்கற மாதிரி ஒரு பெட்டி வந்து, எல்லாரும் திட்டினதும் எடுத்துட்டாங்க. 2024 ஜூன்ல, புது விண்டோஸ் 11-ஐ அமைக்கும்போது கேக்காமலேயே ஃபோல்டர் பேக்கப் ஆன் ஆகுதுன்னு தொழில்நுட்பச் செய்தித் தளங்கள்ல வந்துச்சு.

அன்னைக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்?

இங்கதான் கவனம் வேணும். 1997-ல எக்ஸ்ப்ளோரரை எடுத்தா உங்களோடது எதுவும் போகாது. அது ஒரு கருவி. ஒன்டிரைவ் அப்படியில்ல. ஃபோல்டர் பேக்கப் ஆன் ஆனதும், உங்க டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூணும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள குடிமாறிடும். பேரு அதேதான், விலாசம் வேற. இன்னொண்ணு, 2017-ல வந்த 'ஃபைல்ஸ் ஆன் டிமாண்ட்'. ஃபைல் பேரு உங்க கம்ப்யூட்டர்ல தெரியும், ஆனா பக்கத்துல மேகக் குறி இருந்தா உள்ளடக்கம் சர்வர்ல மட்டும்தான் இருக்கு. ரேஷன் கார்டுல பேரு இருக்கு, ஆள் ஊர்ல இல்ல.

இந்த நிலையில நேரா 'அன்இன்ஸ்டால்' அமுக்கினா, டெஸ்க்டாப் காலியாத் தெரியலாம். வீட்ல பெரியவங்களுக்கு அந்த நிமிஷம் நெஞ்சடைச்சுடும். ஃபைல் அழியல, இணையதளத்துல இருக்கும். ஆனா அது அவங்களுக்கு யார் சொல்றது?

அதனால வரிசை முக்கியம். முதல்ல, ஒன்டிரைவ் ஃபோல்டர்ல இருக்கறதை எல்லாம் தேர்ந்தெடுத்து, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்க. எல்லாம் உண்மையாவே இறங்கற வரைக்கும் காத்திருங்க. ரெண்டாவது, ஒரு வெளி ஹார்டு டிஸ்க்ல இன்னொரு பிரதி எடுங்க. மூணாவது, ஒன்டிரைவ் செட்டிங்ஸ்ல 'மேனேஜ் பேக்கப்' போய் மூணு ஃபோல்டரையும் நிறுத்துங்க. ஃபைல் பழைய இடத்துக்குத் திரும்பலைன்னா, நீங்களே எடுத்து வைங்க. நாலாவது, 'அன்லிங்க் திஸ் பிசி'. கடைசியாத்தான் 'ஆப்ஸ்' பட்டியல்ல இருந்து நீக்கறது. ஒரு எச்சரிக்கை: இணைப்பைத் துண்டிக்காம அந்த ஃபோல்டர்ல இருந்து எதையாவது அழிச்சா, மேகத்துலயும் அழிஞ்சுடும். தளத்தோட குப்பைத்தொட்டியில 30 நாள் இருக்கும், அதுக்குள்ள மீட்டுக்கலாம்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். மேகச் சேமிப்பு கெட்ட விஷயம் இல்ல. லேப்டாப் திருடு போனா, வெள்ளத்துல நனைஞ்சா, கல்யாண போட்டோவைக் காப்பாத்தப் போறது அதுவாத்தான் இருக்கும். நீக்கணும்னு நான் யாரையும் சொல்லல. வீட்ல யார் கம்ப்யூட்டரோ அவங்களைப் பக்கத்துல உட்கார வெச்சு, "உங்க போட்டோ எல்லாம் இப்போ இங்க இருக்கு, வேணுமா வேண்டாமா?"ன்னு கேளுங்க. அவங்க வேணும்னு சொன்னா விட்டுடுங்க. கம்பெனி கேக்காம விட்ட கேள்வி அது. அதை நாமளாவது கேட்டுடலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.