பறவைக் கணக்கும் ஊர்க் காவலும்



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் கோபுரங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. திருவண்ணாமலையில் வாழும் எனக்கும் அது இயல்பே. பதினொரு நிலை இராஜகோபுரத்தை நாள்தோறும் காண்பவன் கிருஷ்ணதேவராயரை எங்ஙனம் மறப்பான்? எனினும் இன்று நான் சொல்ல விரும்புவது வேறொரு வரலாறு. பறவைகளைக் காத்தும், எண்ணியும், எழுதியும் வைத்த எளிய மக்களின் வரலாறு அது.

எண்ணி எழுதுவது நமக்குப் புதிய வழக்கமன்று. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க 96 ஆடுகள் விடப்பட்ட செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுக்களிற் பலமுறை காண்கிறோம். எண் கல்லிலே நின்றதனால், அறம் குறைவின்றி நடக்கிறதா என்று பின்வந்தோர் கேட்க முடிந்தது. கணக்கில்லாத இடத்தில் இழப்பும் கண்ணுக்குப் புலனாவதில்லை.

எங்கள் ஊருக்குக் கிழக்கே, செங்கற்பட்டு மாவட்டத்தில், வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும், நீர்க்காகமும், கரண்டிவாயனும், அரிவாள் மூக்கனும் கூடு கட்டுகின்றன. இப்பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டு வீழ்த்தியதாகவும், ஊரார் திரண்டு சென்று கலெக்டரிடம் முறையிட்டதாகவும் வழிவழியாகக் கூறுவர். பறவைகளைக் காக்கும் உரிமையை அளிக்கும் கௌல் பத்திரத்தை அவர்கள் 1798இல் பெற்றனர். 1858இல் அதனைப் புதுப்பித்துக் கொண்டனர். அரசாங்கம் 1936இல் அவ்விடத்தைச் சரணாலயமாக ஏற்றது. அதற்கு முன்னரே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஊர் காவல் காத்து வந்தது என்பதை நீங்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இக்காவல் வெறும் இரக்கத்தால் மட்டும் எழுந்ததன்று. சுற்றுப்புற வயல்களிலும் நீர்நிலைகளிலும் இரை தேடும் பறவைகள் மாலையில் ஏரிக்குத் திரும்புகின்றன. அவற்றின் எச்சம் நீரிற் கலக்கிறது; அந்நீர் பாயும் வயலுக்கு அதுவே உரமாகிறது. உழவனுக்குப் பறவை விருந்தாளி மட்டுமன்று, பங்காளியும் ஆகும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டியில், கூட்டிலிருக்கும் குஞ்சுகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் மக்கள் வெடி வெடிப்பதில்லை. இதுவும் ஓர் எழுதாத கௌல் பத்திரமே அன்றோ!

அன்பு இருந்தும் கணக்கு இல்லையேல் என்ன நேரும்? திருக்கழுக்குன்றத்து மலைமீது நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து, குருக்கள் அளிக்கும் அமுதை உண்டு சென்றதை உங்கள் பாட்டனார் பார்த்திருக்கக்கூடும். சென்ற நூற்றாண்டின் இறுதியில் அந்த வருகை நின்றுபோயிற்று. இரண்டு பறவைகள் வராமற்போனதை ஊர் முழுதும் உணர்ந்தது. ஆனால் நாடெங்கும் பிணந்தின்னிக் கழுகுகள் லட்சக்கணக்கில் மறைந்து வந்ததை உணர்த்தக் கணக்கு வேண்டியிருந்தது. பரத்பூர் சரணாலயத்தில் 1980களில் எடுத்த கணக்கையும், 1990களின் இறுதியில் எடுத்த கணக்கையும் விபு பிரகாஷ் என்னும் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டபோதுதான் பேரழிவு வெளிப்பட்டது. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் வலி மருந்தே காரணம் என்பது 2004இல் வெளியான ஆராய்ச்சியால் தெரிந்தது. அம்மருந்து உடலில் இருக்க இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் கெட்டது. 2006இல் கால்நடைகளுக்கான அம்மருந்தை இந்திய அரசு தடை செய்தது. பழைய கணக்கு இல்லாதிருப்பின் அவ்வீழ்ச்சியை அளக்கவே வழி இருந்திராது.

கணக்கெடுப்பு அறிஞர்களின் தனியுரிமையும் அன்று. 1900ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில், பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் போட்டிக்கு மாற்றாக, அமெரிக்காவில் பிராங்க் சாப்மன் என்பவரின் அழைப்பை ஏற்று 27 பேர் பறவைகளை எண்ணினர். அது இன்றளவும் தொடர்கிறது. நம் நாட்டில், 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் துணையோடு, சாலிம் அலி ஐதராபாத்திலும் திருவிதாங்கூரிலும் ஊர் ஊராகச் சென்று பறவைகளை ஆராய்ந்தார். தமிழ்நாட்டில் 2015 முதல் பறவை ஆர்வலர்கள் பொங்கல் திருநாட்களில் கணக்கெடுத்து வருகின்றனர். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் கேட்ட குரல்களையும் குறித்தால் போதும்.

முறை எளிது, ஒழுங்கு மட்டும் கடினம். அதே இடம், அதே வேளை, அதே கால அளவு. காக்கை, மைனா என்று எளியவற்றை விட்டுவிடலாகாது. அரியதைக் கண்டதாகக் கற்பனையும் கூடாது. ஐயமுள்ள பறவையை ஐயமுள்ளதென்றே எழுதுக. ஒன்றும் காணாத நாளையும் குறித்து வைக்க வேண்டும். அதுவும் ஒரு செய்தி.

எங்கள் அண்ணாமலையின் சரிவுகள் நெடுங்காலம் மரமின்றிக் கிடந்தன. கோடையில் காய்ந்த புல்லில் தீப்பற்றி, முளைத்த கன்றுகளும் கருகும். 1980களின் இறுதியிலிருந்து தொண்டர்களும் வனத்துறையினரும் மரம் நட்டுத் தீயைத் தடுத்து வருகின்றனர். மரம் வளரும் இடத்தில் சின்னானும் குயிலும் பழம் உண்டு, மனிதன் நடாத விதைகளையும் ஊன்றிச் செல்லும். நட்ட மரம் காடாகிறதா என்பதைச் சொல்லும் சாட்சிகள் அப்பறவைகளே. ஆனால் சாட்சியத்தை எழுதிவைக்க ஆள் வேண்டும்.

கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். ஆண்டுதோறும் குறித்த ஒரு நாளில், ஒரு கல்லூரி மாணவர்கள் அதனைப் பிரித்துக்கொண்டு எண்ணினால், இருபது ஆண்டுகளில் ஓர் அரிய ஆவணம் உருவாகும். அதனை ஒருவர் தொடங்கலாம். முடிப்பவர் வேறொருவராய் இருப்பார். வேடந்தாங்கலில் 1798இல் கௌல் பெற்றவர்களுள் ஒருவரும் 1858இல் அதனைப் புதுப்பிக்க இருந்திரார். அவர்கள் பேரர்களே இருந்தனர். அத்தகைய தொடர்ச்சியைத்தான் நான் வரலாறு என்கிறேன். ஒரு குறிப்பேட்டை எடுங்கள், தேதியை எழுதுங்கள், முதற் பறவையின் பெயரைப் பதியுங்கள்.